"இவங்க வழக்கமா இப்படி இல்ல, சிஸ்டர்"

தமிழ்நாட்டில் எந்த ஆஸ்பத்திரி வார்டில் போய் உட்கார்ந்தாலும் பத்து நிமிஷத்துக்குள் இந்தக் குரல் கேட்டுவிடும்: "பதினாலாம் பெட் அட்டெண்டர் யாருங்க?" ரத்த சாம்பிளை லேபில் கொடுக்கணும், ஸ்கேனுக்குப் பணம் கட்டணும், சீட்டை எடுத்துக்கொண்டு ஃபார்மசிக்கு ஓடணும், பெட்பேன் வைக்கணும். அட்டெண்டர் என்றால் ஒரு ஜோடி கை, ஒரு ஜோடி கால். அந்தக் கைகால்களுக்குச் சொந்தக்காரர் நோயாளியோடு முப்பது வருஷமாக ஒரே வீட்டில் இருப்பவர். நோயாளி நல்லபடியாக இருக்கும்போது எப்படி இருப்பார் என்பது வார்டிலேயே அவர் ஒருவருக்குத்தான் தெரியும். கேஸ் ஷீட்டில் அந்தத் தகவலுக்கு ஒரு வரிகூட ஒதுக்குவதில்லை.

இங்கிலாந்தில் சிக்கல் வேறு விதமாக இருந்தது. ஜான் ஜெரார்ட் ஒரு மருத்துவர். அல்சைமர் நோய் வந்தவர். 2014 தொடக்கத்தில் கால் புண்ணில் தொற்று ஏற்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பார்வையாளர் நேரத்துக்குக் கெடுபிடி, நடுவில் வயிற்றுப்போக்குக் கிருமி வேறு பரவியது. குடும்பத்தார் பக்கத்தில் இருக்க முடியவில்லை. ஐந்து வாரம் கழித்து எலும்பும் தோலுமாக, எழுந்து நடக்க முடியாதவராக வீடு திரும்பினார். அந்த நவம்பரில் இறந்துபோனார். மகள் நிக்கி ஜெரார்டும் அவருடைய தோழி ஜூலியா ஜோன்ஸும் உடனே 'ஜான்ஸ் கேம்பெயின்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். மறதிநோய் உள்ளவரோடு அவரைப் பார்த்துக்கொள்பவர் வார்டில் தங்க அனுமதி வேண்டும் என்பதே அவர்கள் கேட்டது.

அவர்கள் போராடி வாங்கியது, ஐசியூவைத் தவிர, நமக்குக் கேட்காமலே கிடைக்கிறது. கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுக்கிறோம். இடம் கிடைத்துவிட்டது, வாய்தான் இன்னும் கிடைக்கவில்லை. அட்டெண்டர் தனக்குத் தெரிந்ததை டாக்டரும் சிஸ்டரும் பயன்படுத்தும்படி எப்படிச் சொல்வது, எப்போது சொல்வது, கேட்காவிட்டால் அடுத்து என்ன செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த 78 வயதுப் பாட்டி ஒருவரை வைத்துப் பார்ப்போம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் காலை. கூப்பிட்டால் கண்ணைத் திறக்கிறார், உடனே மூடிக்கொள்கிறார். ஊட்டிய இட்லி கன்னத்துக்குள்ளேயே அடங்கியிருக்கிறது, விழுங்கவில்லை. போர்வையின் ஓரத்தை விரல்கள் சும்மா பிடித்துப் பிடித்து விடுகின்றன. ரவுண்ட்ஸுக்கு முன்னால் வந்த சிஸ்டர், "பாட்டி இன்னிக்கு சமத்தா தூங்குறாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டுக்குப் போகிறார். மருமகளுக்கு வயிற்றைக் கலக்குகிறது. வீட்டில் பாட்டி நாலரை மணிக்கே எழுந்து, "காபி எங்கே" என்று கேட்டு, போர்வையை நாலாக மடித்து வைத்துவிட்டு, பால்காரன் லேட் என்று புலம்புகிறவர்.

இதுதான் டெலிரியம். உடம்பில் ஏதோ கோளாறு நடக்கும்போது மூளை சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ குழம்பிப்போகும் நிலை. சத்தமான வகையை எல்லோரும் கவனித்துவிடுவார்கள்: டிரிப்ஸைப் பிடுங்குவது, சுவரில் எறும்பு ஊர்கிறது என்பது, ராத்திரி ஒரு மணிக்கு வீட்டுக்குப் போகணும் என்று இறங்கப் பார்ப்பது. அமைதியான வகைதான் தப்பிப்போகிறது. யாருக்கும் தொந்தரவு இல்லாத நோயாளி நல்ல நோயாளி என்று பெயர் வாங்கிவிடுகிறார். பின்னால் இருக்கும் காரணம் பெரும்பாலும் தேடினால் கிடைக்கக்கூடியது: சிறுநீர்த் தொற்று, நுரையீரலில் சளி, சிறுநீர் அடைத்துக்கொண்டிருப்பது, நாலு நாளாக மோஷன் போகாதது, தண்ணீர் பற்றாக்குறை, சோடியம் குறைவு, அடக்கிவைத்த வலி, தூக்க மாத்திரை, அலர்ஜிக்கும் சளிக்கும் கொடுக்கும் சாதாரண மாத்திரை.

மருத்துவம் இதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2017-ல் திருத்திய, நோயாளியின் நிலை மோசமாகிறதா என்று அளக்கும் நியூஸ்-2 என்ற மதிப்பெண் முறையில், புதிதாக வந்த குழப்பத்துக்கு 3 மதிப்பெண். நிமிஷத்துக்கு 25 தடவையோ அதற்கு மேலோ மூச்சு வாங்கினாலும் அதே 3-தான். ஏதாவது ஒன்றில் 3 வந்தாலே அவசரமாக டாக்டர் வந்து பார்க்க வேண்டும் என்பது விதி. 'புதிதாக' என்ற அந்த ஒரு வார்த்தையைக் கவனியுங்கள். மூன்று நாள் முன்பு முதல்முறையாகப் பாட்டியைப் பார்த்த டாக்டருக்கு எது புதிது, எது பழையது என்று எப்படித் தெரியும்? டெலிரியத்தைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு கேள்வியாகச் சுருக்கப்பட்ட சோதனையும் உண்டு, கூட இருப்பவரைப் பார்த்துக் கேட்பது அது: "சமீபமா முன்னைவிடக் குழப்பமா இருக்காங்களா?" அவ்வளவுதான்.

யாரும் கேட்காவிட்டால் நாமே சொல்ல வேண்டும். பெரும்பாலோர் தவறவிடும் இடம் இது. "டாக்டர், அம்மா ஒரு மாதிரி இருக்காங்க" என்றால், "வயசாச்சும்மா, ஆபரேஷன் ஆயிருக்கு, அப்படித்தான் இருக்கும்" என்று பதில் வரும். டாக்டர் மீது தப்பில்லை. 'ஒரு மாதிரி'யை வைத்து அவர் எதையும் செய்ய முடியாது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "விழறதுக்கு முந்தின நாள் வரைக்கும் மளிகைக் கணக்கு அவங்கதான் பார்த்தாங்க. நேத்து சாயங்காலம் 6 மணிக்குப் பேரன்கிட்ட போன்ல நல்லாப் பேசினாங்க. ராத்திரி 2 மணியிலேர்ந்து முழு வாக்கியமா எதுவும் பேசல. சாப்பாடு வாயில வச்சா விழுங்கல. இது டெலிரியமா இருக்குமான்னு பாருங்க டாக்டர்." முன்பு எப்படி, எப்போதிலிருந்து மாற்றம், இப்போது என்ன, நமக்கு என்ன வேண்டும். நாலும் இருந்தால் அது தகவல். மளிகைக் கணக்கு என்ற ஒரு வரி, 'வயசாச்சு' என்ற பதிலுக்கு இடம் இல்லாமல் செய்துவிடுகிறது.

டெலிரியம் வராமல் தடுக்கும் வேலையில் பெரும்பங்கு அட்டெண்டரால் செய்யக்கூடியது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஷேரன் இனூயியின் குழு 70 வயதும் அதற்கு மேலும் ஆன 852 நோயாளிகளிடம் செய்த ஆய்வு 1999-ல் வெளிவந்தது. வழக்கமான கவனிப்பில் 15 சதவீதம் பேருக்கு டெலிரியம் வந்தது. கூடுதல் கவனிப்புப் பெற்றவர்களில் 9.9 சதவீதம். கொடுத்தது புது மருந்து ஒன்றும் இல்லை. கண்ணாடியைப் போட்டுவிடுவது, காது மிஷினை மாட்டிவிடுவது, தண்ணீர் குடிக்கவைப்பது, ராத்திரி தூங்கவிடுவது, சீக்கிரம் எழுந்து நடக்கவைப்பது, நாளும் இடமும் சொல்லிப் பேச்சுக் கொடுப்பது.

நம் வார்டில் இது இப்படி ஆகும். பல்செட்டும் காது மிஷினும் டிஷ்யூவில் சுருட்டிச் சாப்பாட்டுத் தட்டோடு குப்பைக்குப் போவது சகஜம்; மூடி போட்ட டப்பா ஒன்றில் பேரும் பெட் நம்பரும் ஒட்டித் தலைமாட்டில் வையுங்கள். மிஷினுக்கு மாற்று பேட்டரி எடுத்துப் போங்கள். பகலில் ஜன்னல் திரையை விலக்குங்கள். பிசியோதெரபிஸ்ட் அனுமதித்த நாளிலிருந்து சாப்பாட்டை நாற்காலியில் உட்காரவைத்துக் கொடுங்கள். பக்கவாதம் வந்தவராக இருந்தால், விழுங்கும் சோதனை செய்துவிட்டார்களா என்று கேட்காமல் ஒரு ஸ்பூன் தண்ணீர்கூட வேண்டாம். அது நுரையீரலுக்குப் போனால் நிமோனியா. யூரின் டியூப் இருந்தால் தினமும் ஒரு தடவை, "இது இன்னும் தேவையா டாக்டர்?" என்று கேளுங்கள். ஒவ்வொரு நாள் கூடும்போதும் தொற்று வாய்ப்பும் கூடுகிறது.

பார்க்க வருகிற சொந்தக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "என்னைத் தெரியுதா? யாரு சொல்லுங்க பார்ப்போம்" என்று ஆளுக்கு ஒரு பரீட்சை வைக்காதீர்கள். பத்துப் பேர் கேட்டுப் பத்துத் தடவையும் தோற்றால் அந்த மனசு என்ன பாடுபடும்? "அத்தை, நான் உங்க தம்பி மக. மதுரையிலேர்ந்து வந்திருக்கேன். இன்னிக்கு வெள்ளிக்கிழமை, மணி பதினொண்ணு" என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

இனி, ஒரு தாள். ஏ4 அளவு, ஒரே பக்கம், பெரிய எழுத்து. மறதிநோய், பக்கவாதம், பார்க்கின்சன் உள்ள ஒருவர் வீட்டில் இருந்தால் இது முன்கூட்டியே ஆதார் நகலோடு ஒரே கவரில் இருக்க வேண்டும். 108 வந்து நிற்கும்போது எழுத முடியாது. மூன்று நகல்: ஒன்று கேஸ் ஷீட்டோடு, ஒன்று தலைமாட்டில், ஒன்று உங்கள் பையில். உள்ளே இந்த மாதிரி வரிகள்:

'டீச்சர்' என்று கூப்பிட்டால் திரும்புவார்; 'பாட்டி' என்றால் வேறு யாரையோ என்று நினைப்பார். இடது காது கேட்காது, வலப்பக்கம் நின்று பேசவும். வலி என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார். முந்தானையைச் சுருட்டிக்கொண்டே இருந்தால் வலி என்று அர்த்தம். ராத்திரி இரண்டு தடவை பாத்ரூம் போவார்; கட்டில் கம்பியை ஏற்றினால் தாண்டி இறங்கப் பார்ப்பார். வீட்டில் தனியாகக் குளிப்பார், கைத்தடியோடு தெருமுனை வரை நடப்பார். அவர் விரும்புவது: மறுபடி பதினாலு படி ஏறி மொட்டைமாடித் துளசிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

கடைசி வரி அலங்காரத்துக்கு எழுதியது இல்லை. 'நடக்கவைக்கணும்' என்றிருக்கும் பிசியோதெரபி இலக்கு, பதினாலு படி என்று தெரிந்ததும் மாறிவிடுகிறது. 'தெருமுனை வரை நடப்பார்' என்ற வரியும் முக்கியம். அது இல்லாவிட்டால், படுத்திருப்பவர் எப்போதுமே படுத்தவர் என்று நினைத்துவிடும் ஆபத்து உண்டு. தாளில் தவிர்க்க வேண்டியது புகழுரை. அவர் எவ்வளவு தங்கமான மனுஷி என்று பத்து வரி எழுதினால், காதைப் பற்றிய வரியை யாரும் படிக்க மாட்டார்கள்.

பின்பக்கம் மருந்துப் பட்டியல். 'பிபி வெள்ளை மாத்திரை ஒண்ணு' என்பது பட்டியல் ஆகாது. பிராண்டு பெயர், உள்ளே உள்ள மருந்தின் பெயர், எத்தனை எம்ஜி, எத்தனை மணிக்கு, எந்த டாக்டர் எழுதியது. சித்த மருத்துவர் கொடுத்த சூரணம், லேகியம், மெடிக்கலில் தானாக வாங்கிப் போடும் வலி மாத்திரை, தூக்க மாத்திரை எல்லாம் அதில் வர வேண்டும். திட்டுவார்கள் என்று மறைப்பதால்தான் பல விபரீதங்கள். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதோடு, சாப்பிட்டால் என்ன ஆனது என்பதையும் எழுதுங்கள். தடிப்பு வந்ததா, மூச்சு முட்டியதா, வெறும் குமட்டலா என்பதைப் பொறுத்து டாக்டரின் முடிவு மாறும்.

மணி ஏன் எழுத வேண்டும் என்பதற்குப் பார்க்கின்சன் நோயே உதாரணம். வீட்டில் லெவோடோபா மாத்திரையைக் காலை 6, 10, மதியம் 2, மாலை 6 என்று கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். வார்டின் மருந்து வண்டி காலை, மதியம், ராத்திரி என்று மூன்று வேளை வரும். இரண்டு மணி நேரம் தள்ளிப்போனால் ஆள் மரக்கட்டை மாதிரி இறுகிவிடுவார், விழுங்க முடியாது. விழுங்க முடியாததால் அடுத்த வேளையும் தவறும். திடீரென்று முழுதாக நிறுத்தினால் கடும் காய்ச்சலோடு உயிருக்கே ஆபத்தான நிலை வரலாம். ஆபரேஷனுக்காக வாய்வழி எதுவும் கூடாது என்றால், "பார்க்கின்சன் மாத்திரையை மட்டும் எப்படிக் கொடுக்கப்போறீங்க? மூக்கு வழியா வயித்துக்குப் போற ரைல்ஸ் டியூப்லயா?" என்று முந்தின நாளே கேட்டுவிட வேண்டும். வாந்திக்கு வழக்கமாகப் போடும் மெட்டோகுளோபிரமைடு ஊசி இவர்களுக்குக் கூடாது. நடுக்கமும் இறுக்கமும் கூடிவிடும். குழப்பத்தில் கத்துகிறார் என்று போடும் ஹாலோபெரிடாலும் அப்படியே. லூயி பாடி வகை மறதிநோயில் அது இன்னும் மோசம். இந்த இரண்டு பெயரையும் தாளின் மேலே சிவப்பு மையில் எழுதுங்கள்.

சொன்ன பிறகும் யாரும் வரவில்லை, ஆனால் உடம்பு மோசமாகிக்கொண்டே போகிறது என்றால்? உலகம் முழுக்க இதற்கு விதி உண்டாக்கியவர்கள் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர்கள். அமெரிக்காவின் பால்டிமோரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில், 18 மாதக் குழந்தை ஜோசி கிங் சுடுநீர்க் காயத்திலிருந்து தேறிக்கொண்டிருந்தாள். ஈரத்துணி கையில் கிடைத்தால் வாயில் வைத்து உறிஞ்சினாள். அவ்வளவு தாகம். அம்மா சாரல் கிங் சொல்லிக்கொண்டே இருந்தார். உடம்பில் நீர் வற்றியதாலும் கொடுத்திருக்கக் கூடாத வலிமருந்தாலும் 2001 பிப்ரவரியில் குழந்தை இறந்தது. அந்த அம்மாவின் பிரச்சாரத்தின் பலனாக, 2005-ல் பிட்ஸ்பர்க்கில் ஷேடிசைடு ஆஸ்பத்திரி, குடும்பத்தாரே அவசரக் குழுவைக் கூப்பிடும் வழியை ஏற்படுத்தியது.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் 2007-ல் இறந்த ரயன் சாண்டர்ஸுக்கு மூன்று வயதுகூட நிறையவில்லை. அவன் பேரில் உள்ள விதிப்படி, முதலில் நர்ஸ் அல்லது டாக்டர், பிறகு பொறுப்பு நர்ஸ், அதற்கும் பலனில்லை என்றால் ஒரு போன் எண். கூப்பிட்டால் மறுபரிசோதனை நடக்கும். லண்டனில் 2021-ல் இறந்த 13 வயது மார்த்தா மில்ஸின் பெயரால் வந்த மார்த்தா விதி, 2024-ல் இங்கிலாந்தின் 143 ஆஸ்பத்திரிகளில் தொடங்கியது. அவளை முன்கூட்டியே ஐசியூவுக்கு மாற்றியிருந்தால் பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம் என்று மரண விசாரணை அதிகாரியே சொன்னார்.

நம் வார்டுச் சுவரில் அப்படி ஒரு எண்ணை எதிர்பார்த்துக் காத்திருக்க முடியாது. ஆனால் அந்தப் படிகளை நாமே ஏறலாம். முதலில் எண்ணிக்கை. நோயாளியிடம் சொல்லாமல் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்து முழுசாக ஒரு நிமிஷம் மூச்சை எண்ணுங்கள். யூரின் பையில் அளவைப் பாருங்கள். 50 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 25 மில்லியாவது இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் முதலில் டியூப் எங்காவது மடங்கி நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு சிஸ்டரிடம்: "11 மணிக்கு மூச்சு 20 இருந்துச்சு சிஸ்டர், இப்ப 2 மணிக்கு 30. பத்து மணியிலேர்ந்து யூரின் சொட்டுக்கூட இறங்கல. எனக்குப் பயமா இருக்கு. டியூட்டி டாக்டரை இப்பவே வந்து பார்க்கச் சொல்லுங்க." "எனக்குப் பயமா இருக்கு" என்பதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம். எண்ணோடு சேர்ந்து வரும் பயத்துக்கு எடை உண்டு. வரவில்லை என்றால், "நான் சொன்னதையும் நேரத்தையும் கேஸ் ஷீட்ல எழுதிருங்க சிஸ்டர்" என்று அமைதியாகக் கேளுங்கள். அடுத்தது பொறுப்பு நர்ஸ். பிறகு யூனிட் சீஃப். அரசு ஆஸ்பத்திரியில் ஆர்எம்ஓ என்ற நிலைய மருத்துவ அலுவலர், மருத்துவக் கல்லூரி என்றால் டீன் அலுவலகம். அரசின் 104 சுகாதார உதவி எண்ணில் புகார் பதியலாம். ஆனால் அது நடந்ததைச் சொல்ல, நடந்துகொண்டிருப்பதைத் தடுக்க இல்லை.

கத்துவதால் காரியம் கெடும். ராத்திரி ஷிஃப்டில் பல இடங்களில் ஒரே சிஸ்டர் முழு வார்டையும் தாங்குகிறார். சத்தம் போட்ட குடும்பத்தின் பெட்டை அவரும் ஒரு தூரத்திலிருந்தே பார்க்கத் தொடங்குவார். அதைவிடக் கெடுதல், மூன்று மகன்களும் ஒரு மருமகனும் ஆளுக்கொரு டாக்டரிடம் ஆளுக்கொரு கேள்வி கேட்பது. குடும்பத்துக்கு ஒரே வாய். மற்றவர்கள் கேள்விகளை அவரிடம் கொடுக்கட்டும். ரவுண்ட்ஸ் நேரத்தில் அவர் கட்டில் பக்கம் நிற்கட்டும், கையில் மூன்று கேள்வி, அதற்கு மேல் வேண்டாம். ஆள் மாறும்போது ஒரு நாற்பது பக்க நோட்டு கை மாறட்டும்: எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டார், எவ்வளவு யூரின், டாக்டர் என்ன சொன்னார், எது பாக்கி.

இவ்வளவு பேசும் உரிமையோடு ஒரு எல்லையும் சேர்ந்தே வருகிறது. நாம் நோயாளிக்காகப் பேசுகிறோம், நோயாளிக்குப் பதிலாக முடிவெடுக்க வரவில்லை. 2008-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த சமீரா கோலி வழக்கு இதற்குச் சாட்சி. சோதனைக்காக மயக்கத்தில் இருந்த 44 வயதுப் பெண்ணின் கருப்பையையும் சினைப்பைகளையும், வெளியே நின்ற அம்மாவிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு அகற்றிவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, விழித்ததும் தானே முடிவெடுக்கக்கூடிய ஒருவருக்காக அம்மா கொடுத்த சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர், தாங்க மாட்டார்" என்று வராண்டாவில் ஓரமாகக் கூட்டிப்போய்ச் சொல்கிறோமே, அங்கே நாம் அப்பாவின் வாயை அடைக்கிறோம். அவரிடமே கேட்கலாம்: "ரிப்போர்ட்டை உங்ககிட்ட சொல்லணுமா, எங்ககிட்ட சொன்னாப் போதுமாப்பா?" வேண்டாம் என்பதும் அவருடைய முடிவாக இருக்கட்டும். தேற முடியாத நிலையில் வென்டிலேட்டர் வேண்டுமா என்பதை முன்கூட்டியே எழுதிவைக்க 2018-ல் உச்ச நீதிமன்றம் வழி திறந்தது. 2023-ல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி கையெழுத்து போதும்.

டிஸ்சார்ஜ் நாள் ஆபத்தான நாள். பில், காப்பீட்டு ஒப்புதல், வண்டி என்று எல்லோரும் பரபரப்பாக இருக்கும்போது சம்மரி கைக்கு வரும். அங்கேயே நின்று பழைய மருந்துப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள்: எது புதுசு, எதை நிறுத்தணும், எதுக்கு டோஸ் மாறியிருக்கு? வீட்டில் ஒரு பிராண்டில் அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை இருக்கும், ஆஸ்பத்திரி வேறு பிராண்டில் அதையே எழுதியிருக்கும். இரண்டையும் போட்டு, பிரஷர் இறங்கி, தலைசுற்றி, மறுபடி அதே பாத்ரூமில் விழுவார். புரிந்ததைச் சிஸ்டரிடம் திருப்பிச் சொல்லுங்கள், தப்பு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். இன்னும் வராத ரிசல்ட் எது, எந்த அறிகுறி வந்தால் எந்த எண்ணுக்குக் கூப்பிடணும் என்பதையும் எழுதி வாங்குங்கள். மருத்துவ ஆவணங்கள் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002-ன் மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறை சொல்கிறது. வெள்ளைத்தாளில் விண்ணப்பம் எழுதி, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் பிசியோதெரபியோ வலிநிவாரணக் கவனிப்போ தேவை என்றால் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பதியச் சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்து பத்து நாள் கழித்து, தூக்கம் கொஞ்சம் திரும்பியதும், இன்னொரு வேலை இருக்கிறது. ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு ஒரு பக்கக் கடிதம். குற்றப்பட்டியல் வேண்டாம், என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, எந்த ஒரு மாற்றம் இருந்திருந்தால் தடுத்திருக்கலாம் என்று மட்டும். பெட்டிலிருந்து தெரிகிற மாதிரி ஒரு கடிகாரமும் நாள்காட்டியும். ராத்திரி பத்துக்கு மேல் தலைக்கு மேலுள்ள விளக்கை அணைப்பது. பல்செட் டப்பா. ஒரு கடிதத்துக்கு ஒரு கோரிக்கை. எதைக் கேட்பது என்று தெரியாவிட்டால் மார்த்தா விதியின் ஒரு பகுதியைக் கேளுங்கள்: நோயாளி எப்படி இருக்கிறார் என்று தினமும் அவரையோ கூட இருப்பவரையோ கேட்டுப் பதிவதுதான் அது. நம் கேஸ் ஷீட்டில், டெம்பரேச்சர், பல்ஸ், பிபி கட்டங்களுக்குக் கீழே இன்னொரு கட்டம். ராத்திரி எட்டு மணிக்கு சிஸ்டர் அட்டெண்டரைப் பார்த்து, "நேத்தைக்கு இன்னிக்கு எப்படி இருக்காங்கம்மா?" என்று கேட்டு, சொன்ன பதிலை நேரத்தோடு எழுத ஒரு கட்டம்.